இடைவெளிச் சான்றிதழ்

தோட்டத்து பாக்டரி நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. பச்சைக் கொழுந்து கிலோ நாலு ரூபாய்க்கு இறங்கிய பிறகு, மாசி மாதத்தில் ஒரு நாள் ஜீப்பில் கூடலூர் போன மேனேஜர் துரை திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் கிளார்க்கும் போய்விட்டார். அதன் பிறகு கொழுந்தெடுக்கவோ கவாத்து வெட்டவோ யாரும் சொல்லவில்லை. இடுப்பளவில் நின்று பழகிய தேயிலைச் செடிகள் அந்த 2001ஆம் வருட ஆடி மழையில் ஆள் உயரத்துக்கு எழும்பி, பூவும் காயுமாகக் காடுபோல ஆகிவிட்டன.

தேவர்சோலை ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற மூன்றாம் லயத்தில் கடைசி வீடு அய்யாவு என்பவருடையது. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, மேலே தகரம். மழை வலுத்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. பன்னிரண்டு வீடுகள் இருந்த லயத்தில் அப்போது ஐந்தில்தான் புகை வந்தது. மற்றவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

அய்யாவுக்கு நாற்பத்தெட்டு வயது. சிலோனில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இருபத்திரண்டாவது வயதில் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். அவர் மனைவி சின்னம்மையும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள்தான். பாக்டரி நின்ற பிறகு அவள் பக்கத்து மலையாளத்துக்காரர்களின் சின்னத் தோட்டங்களில் கூலிக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். விலை இல்லாததால் அவர்களும் வாரத்தில் இரண்டு நாள்தான் கூப்பிட்டார்கள். போகிற நாளில் மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டு, அட்டை ஏறாமல் காலில் சோப்பைக் குழைத்துத் தடவிக்கொண்டு போவாள். அப்படியும் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, விரலிடுக்கிலிருந்து அட்டைகளைப் பிய்த்து உப்பில் போடுவாள்.

அவர்களுக்கு ஒரே மகள், சரிதா. வயது இருபது.

சரிதா ப்ளஸ் டூ முடித்தபோது டிகிரிக்கு வெளியூர் அனுப்ப வசதி இல்லை. அந்த வருடம்தான் கூடலூரில் பழைய அரிசி மண்டிக்கு மேலே சமுதாயக் கல்லூரி ஒன்று தொடங்கியிருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. பீஸ் கிடையாது. இரண்டு வருட டிப்ளமா. கம்ப்யூட்டர், டைப்பிங், வணிகவியல், ஆபீஸ் நடைமுறை. அதை நடத்திய தபித்தாள் டீச்சர் லயம் லயமாக நடந்து பிள்ளை சேர்த்தார். "ரெண்டு வருஷம் இங்க படிங்க. அப்புறம் எந்தக் காலேஜ்லயும் நேரா பி.காம். ரெண்டாம் வருஷத்துல சேந்துக்கலாம்" என்று சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அய்யாவு சம்மதித்தார்.

இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். சிலருக்குக் கல்யாணம் ஆனது. சிலர் வேலைக்குப் போனார்கள். ஒருத்தி காட்டு வழியில் யானையைப் பார்த்துப் பயந்தவள் அதோடு வரவில்லை. ஒன்பது பேர்தான் கடைசிவரை படித்தார்கள். சரிதாவை ரோடு வரைக்கும் கொண்டுவிட அய்யாவு தினமும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். திரும்பி வருவதற்குள் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்துபோய், பல நாள் கணக்கப்பிள்ளை அவருக்கு அரைப் பேர்தான் போட்டார். அரைநாள் கூலி போனதற்குச் சின்னம்மை முணுமுணுப்பாள். மறுநாள் அவர் மறுபடியும் டப்பாவை எடுப்பார்.

டிப்ளமா முடிந்து, கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு சரிதா விண்ணப்பம் போட்டாள். ஆடி பிறந்ததும் பதில் வந்தது. இரண்டாம் வருடம் பி.காமில் இடம் தருகிறோம். ஆனால் இந்த டிப்ளமா முதலாம் ஆண்டுக்குச் சமம் என்று பல்கலைக்கழகத்திடம் இணைச் சான்று வாங்கி, ஆகஸ்ட் பத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

"இணைச் சான்றுன்னா என்னா ஆயி?" என்று அய்யாவு கேட்டார்.

"இதுவும் அதுவும் ஒண்ணுதான்னு அவங்க எழுதித் தரணும்ப்பா."

"ஒரு கையெழுத்துத்தானே. போயி வாங்கியாந்துரலாம்."

---

விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி, ஊட்டி, குன்னூர் வழியாக அவர்கள் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அங்கே வெயில் அடித்தது. இருவர் உடுப்பிலும் கூடலூர் மழை இன்னும் காயவில்லை. அய்யாவுவின் வேட்டி ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. பல்கலைக்கழக ஆபீஸ் படியேறும் முன் குழாயடியில் அதைக் கசக்கிப் பார்த்தார். போகவில்லை.

மூன்று மேஜை மாறி, நாலாவது மேஜையில் நாச்சிமுத்து என்ற அதிகாரியிடம் அனுப்பினார்கள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். முன்னால் ஃபைல்கள் கழுத்துவரை இருந்தன.

"ஏனுங்க, நிக்காதீங்க, உக்காருங்க. எந்தூருங்க?"

"கூடலூருங்கய்யா. தேவர்சோலைக்கிட்ட."

"அத்தன தூரமா?" என்றவர், சரிதாவின் மார்க் ஷீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒரு தடித்த நோட்டை எடுத்து விரலால் தேடிக்கொண்டே போனார். விரல் கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றது.

"இந்தப் படிப்பு நம்ம லிஸ்ட்டுல இல்லீங்களே அம்மிணி."

"ரெண்டு வருஷம் சார். பன்னெண்டு பேப்பர். எல்லாத்துலயும் பாஸ்."

"நீ பாஸாகலீன்னு நான் சொல்லலையே. மார்க்கெல்லாம் சோக்காத்தான் இருக்குது. உங்க காலேஜ்காரங்க அங்கீகாரத்துக்கு எழுதிப் போட்டிருக்காங்க, தொண்ணூத்தொம்பதுலயே. அது கமிட்டிக்குப் போயிருக்குது. கமிட்டி இன்னும் கூடல."

"எப்ப கூடுங்கய்யா?" என்றார் அய்யாவு.

"அது எனக்குத் தெரிஞ்சா உங்களுக்குச் சொல்லாம வெச்சுக்குவேனுங்களா?"

மேலே மின்விசிறி சுற்ற, நாச்சிமுத்து காகிதங்கள் பறக்காமல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்ப இந்த ரெண்டு வருசமும்?" என்றார் அய்யாவு.

"எங்க கண்ணுக்கு ப்ளஸ் டூ மட்டுந்தானுங்க தெரியும். அதுக்கப்புறம் இந்தப் புள்ள எதும் படிக்காத மாதிரிதான். நான் வேணும்னு சொல்லலீங்க, ரூலு அப்படி." அவர் சரிதாவின் பக்கம் திரும்பினார். "ஒண்ணு பண்ணு அம்மிணி. ரெண்டாம் வருஷம் போச்சு, அத மறந்துரு. இஞ்சினியரிங் கவுன்சிலிங் முடியற நேரம் இது. பி.காம்ல சேந்த புள்ளைக ரெண்டு மூணு எப்படியும் கெளம்பிப் போகும். அதே காலேஜ்ல போயி ஃபர்ஸ்ட் இயர் கேளு. நான் சொன்னேன்னு சொல்லாத, ஆனா கேளு. மாசக் கடேசி வரைக்கும் சேப்பாங்க."

"மொதல் வருஷமா சார்?"

"மொதல் வருஷந்தான். அப்புறம், ப்ளஸ் டூ முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சே, அதுக்கு இடைவெளிச் சான்று கேப்பாங்க. உங்க தாசில்தார்கிட்ட வாங்கிக்க. அந்த ரெண்டு வருஷமும் நீ வேற எங்கயும் படிக்கலீன்னு."

"நான் படிச்சேனே சார்."

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தெரியுது. நாந்தான் மார்க்கப் பாத்தேனே. படிச்சேன்னு எழுதுனா, எங்க படிச்ச, அந்தக் காலேஜுக்கு அங்கீகாரம் எங்க, டி.சி. எங்கன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு உன்னைய அடுத்த வருஷத்துக்குத் தள்ளிருவாங்க. படிக்கலீன்னு எழுதுனா ஒரு கேள்வியும் இல்ல. சீட்டு வேணும்னா அப்படி எழுதிக் குடு."

அன்று மத்தியானமே கல்லூரிக்குப் போய்க் கேட்டார்கள். அவர் சொன்னது சரியாக இருந்தது. முதல் வருடத்தில் இரண்டு இடம் காலி. டி.சி.யும் இடைவெளிச் சான்றும் கொண்டுவந்தால் இருபத்தெட்டாம் தேதி வரை ஒரு இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஹாஸ்டலிலும் இடம் உண்டு. அந்தக் கட்டணத்தை எழுதிக் கொடுத்த சீட்டை அய்யாவு பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, சின்னம்மை கட்டிக்கொடுத்த ரொட்டியைப் பிரித்தார்கள். தேங்காய்ச் சம்பல் லேசாகப் புளித்திருந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் தின்றார்கள்.

---

மறுநாள் சரிதா டி.சி. வாங்கப் போனாள். அரிசி மண்டிக்கு மேலே இரண்டு அறையும் ஈரவாடை அடித்தன. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு பேர்; மழைக்கு அதில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். கரண்ட் இல்லாததால் கம்ப்யூட்டர்மேல் துணி போர்த்தியிருந்தது. தபித்தாள் டீச்சர் ஜன்னலோரம் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சரிதாவைப் பார்த்ததும் எழுந்து அடுத்த அறைக்குக் கூட்டிப் போனார். சரிதா நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.

"கமிட்டி கூடலன்னுதான் சொன்னாங்களா? நிராகரிச்சுட்டோம்னு சொல்லலையே?"

"கூடலன்னுதான் டீச்சர்."

"நான் நாலு லெட்டர் போட்டேம்மா. ரெண்டு தடவை நேர்ல போனேன். இந்தா வருது, இந்தா வருதுன்னாங்க. நான் பொய் சொல்லல சரிதா. எனக்குச் சொன்னதத்தான் நான் உங்களுக்குச் சொன்னேன்."

"தெரியும் டீச்சர்."

இரும்பு அலமாரி ஈரத்தில் இறுகிப்போய்த் திறக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். உள்ளேயிருந்து சரிதாவின் பள்ளிக்கூட டி.சி.யை எடுத்து, மேலே பூத்திருந்த பூசணத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். அது இரண்டு வருடத்துக்கு முன் அவள் கொண்டுவந்து கொடுத்தபடியே இருந்தது. இந்தக் கல்லூரியில் படித்ததாக அதில் ஒரு வரியும் இல்லை.

"மத்த எட்டு பேரும் எங்க சேரப்போறாங்க, உனக்குத் தெரியுமா?" என்று தபித்தாள் கேட்டார்.

"மூணு பேரு திருப்பூர் போயிட்டாங்க டீச்சர். மத்தவங்க எனக்கு என்னா ஆகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்காங்க."

தபித்தாள் அலமாரியைச் சாத்தப் பார்த்தார். அது இப்போது மூட மறுத்தது. அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பினார்.

---

திருப்பூருக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவர் காத்தமுத்து. பாக்டரி ஓடியபோது தோட்டத்தில் கங்காணி. இப்போது வாரம் ஒருமுறை வேன் வைத்து, லயங்களிலிருந்து ஆட்களைப் பனியன் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய் விட்டார். அன்று சாயங்காலம் மழைக்கோட்டைக் கழற்றிக் கதவில் தொங்கவிட்டுவிட்டு அடுப்படி ஓரம் உட்கார்ந்தார். சின்னம்மை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், கையில் ஒரு துண்டு வெல்லத்தோடு.

"நல்ல கம்பெனிக்கா. தங்கற எடம் குடுக்கறான். சரிதாவுக்குச் செக்கிங்ல ஒரு எடம் சொல்லி வச்சிருக்கேன். துணியில ஓட்ட இருக்கா, தையல் விட்டிருக்கான்னு பாக்கணும், அவ்வளவுதான். வர்ற ஞாயித்துக்கெழம வேன் போவுது. இல்லாட்டி வேற புள்ளைக்குக் குடுத்துருவேன்."

"அது படிக்கப் போவுது காத்தமுத்து" என்றார் அய்யாவு.

"எங்க? இன்னும் கையெழுத்து வரலன்னாங்களே."

"மொதல் வருசத்துல இருந்து படிக்கப் போவுது."

சின்னம்மை சட்டென்று திரும்பினாள். அவளுக்கு அதுவரை யாரும் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. "இஞ்ச பாருங்க, என்னா சொல்றீங்க? மொதல்லருந்தா? அப்ப படிச்சு முடிச்சதெல்லாம்?"

"அது செல்லாதாம்மா" என்றாள் சரிதா.

"செல்லாதுன்னா? நீ தெனமும் மழையில நனைஞ்சு போயி வந்தியே. இந்த மனுசன் அரைப் பேரா வாங்கினாரே. இன்னம் மூணு வருசம், ஹாஸ்டலு, சாப்பாடு, எங்கேருந்து வரும்? எனக்கு வாரத்துல ரெண்டு நாளு வேல. இவருக்கு வெறகு ஒடைக்கிற வேல. மூணு வருசம் கழிச்சு இதுவும் செல்லாதுன்னா?"

மழை தகரத்தில் இறங்கியது.

"எல்லாருமே போயிரலாம்" என்று சின்னம்மை சொன்னாள். "இங்கின என்னா இருக்கு?"

"இந்த லயத்துக் காம்பராவ விட்டுட்டுப் போனா, அப்புறம் நீ தோட்டத்து ஆளே இல்லம்பான். எனக்குச் சேர வேண்டிய சர்வீஸ் காசும் போயிரும். நான் வரல" என்றார் அய்யாவு.

காத்தமுத்து கோப்பையைக் கீழே வைத்தார். "சண்ட போடாதீங்க. சனிக்கெழம வர்றேன். அன்னைக்குச் சொல்லுங்க."

அவர் போன பிறகு சின்னம்மை மரவள்ளிக்கிழங்கை உரித்து வேக வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சரிதா பாதியில் எழுந்தபோது, "மிச்சம் வைக்காத" என்று மட்டும் அவள் சொன்னாள்.

---

வெள்ளிக்கிழமை அப்பாவும் மகளும் கூடலூர் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். தாசில்தார் மத்தியானம் ஊட்டிக்கு மீட்டிங் போகிறார். பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தால்தான் கையெழுத்து, இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்றார்கள். வாசலில் தார்ப்பாய் கட்டி, டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்த செல்லக்கண்ணுவிடம் உறுதிமொழி அடித்து வாங்கிவரச் சொன்னார்கள். செல்லக்கண்ணு வலது கை ஆள்காட்டி விரலில் கட்டுப் போட்டிருந்தார். அவருக்கு முன்னால் ஆறேழு பேர் நின்றார்கள்.

மாதிரி ஒன்றை எடுத்து சரிதாவிடம் நீட்டினார். "இதுல பேரு, வருஷம் மட்டும் மாறும். படிச்சுப் பாத்துக்கம்மா."

அவள் படித்தாள். 'மேற்படி காலத்தில் நான் எந்தக் கல்வி நிறுவனத்திலும் பயிலவில்லை என்றும், வீட்டில் சும்மா இருந்தேன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

அவள் காகிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தார்ப்பாய்க்கு வெளியே போய் மழையில் நின்றாள்.

அய்யாவு பின்னாலேயே போய்க் குடையைப் பிடித்தார்.

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்ப்பா. சும்மா இருந்தேன்னு எப்பிடி எழுதறது? திருப்பூருக்கே போயிர்றேன். அங்க யாரும் இதக் கேக்க மாட்டாங்க."

ரோட்டில் நாடுகாணி பஸ் ஒன்று சேறு வாரி அடித்துக்கொண்டு போனது. இருவரும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"நான் பதினாலு வயசுல தோட்டத்துல பேர் பதிஞ்சவன் ஆயி, அங்கின சிலோன்ல. எட்டு வருசம். கவாத்து வெட்டுனேன், மருந்தடிச்சேன், பாக்டரியில ரோலர் ஓட்டுனேன். கத்திய எடுத்தா தொரையே நின்னு பாத்துட்டுப் போவாரு. அப்புறம் கப்பலேறி இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். அன்னைக்கு கிளார்க்கு கேட்டான், முன்ன வேல செஞ்சிருக்கியான்னு. செஞ்சிருக்கேன்னேன். எங்கன்னான். சிலோன்லன்னேன். அப்பிடின்னா அதுக்குக் காயிதம் வேணும், இல்லாட்டி புது ஆளுன்னு எழுதணும்னான். புது ஆளுன்னே எழுதிக்கங்கன்னு கைநாட்டு வச்சேன். எனக்கு அன்னைக்கு கவாத்துச் சொல்லிக்குடுக்க ஒருத்தன விட்டாங்க. அவனுக்கு என்னையவிட மூணு வயசு கம்மி."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"என்னாத்த சொல்றது? அவன் சொல்லிக்குடுத்தான், நான் கேட்டுக்கிட்டேன். எனக்கு அரிசி வேணும்." அவர் குடையை மாற்றிப் பிடித்தார். "நீ எழுதுன்னு நான் சொல்ல மாட்டேன். எழுதாதன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டுக்கும் வாய் வரல."

மணி பதினொன்று அடித்தது. சரிதா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தார்ப்பாய்க்குள் நுழைந்து செல்லக்கண்ணுவிடம் போனாள். அவர் கட்டுப்போட்ட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நடுவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தார். வரிசையில் இன்னும் நாலு பேர்.

"அய்யா, நேரமாயிருச்சு. என்னோடத நானே அடிச்சுக்கறேன்."

"உனக்குத் தமிழ் மிஷின் தெரியுமா?"

"தெரியும்."

அவர் சந்தேகத்தோடு ஸ்டூலிலிருந்து எழுந்தார். சரிதா தாவணியால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, காகிதத்தையும் கார்பனையும் சேர்த்துச் செருகி, விளிம்பைச் சரிபார்த்தாள். பிறகு மாதிரியில் கண்ணை வைத்து அடிக்கத் தொடங்கினாள். விசைப்பலகையை ஒருமுறையும் குனிந்து பார்க்கவில்லை. பத்து விரலும் போயின. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். 'எந்தக் கல்வி நிறுவனத்திலும் பயிலவில்லை' என்ற இடத்தில் மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு அதையும் அடித்தாள். நாலு நிமிடத்தில் முடிந்தது. ஒரு பிழை இல்லை.

செல்லக்கண்ணு காகிதத்தை உருவிப் பார்த்தார். "அட, இவ்வளவு சுத்தமா அடிக்கிற. எங்கம்மா கத்துக்கிட்ட?"

சரிதா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கயும் இல்லைங்க" என்றாள்.

---

கையெழுத்தும் முத்திரையுமாக அந்தக் காகிதம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தது. சின்னம்மை அன்று வேலைக்குப் போய்த் திரும்பி, காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னா எழுதியிருக்கு? வாசி."

சரிதா வாசித்தாள்.

"மறுக்கா வாசி."

மறுபடி வாசித்தாள். 'சும்மா இருந்தேன்' என்ற இடம் வந்ததும் சின்னம்மை கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினாள். விளக்குக்கு நேராகப் பிடித்து, தெரியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீயா அடிச்ச இத?"

"நான்தான்ம்மா."

"படிச்ச புள்ளையக்கொண்டே படிக்கலன்னு எழுத வச்சுட்டானுக" என்றாள். அன்றைக்கு அவள்தான் எல்லோருக்கும் முன்னால் படுத்தாள்.

மறுநாள் காலையில் காத்தமுத்து நோட்டோடு வந்தார். அய்யாவு விறகு உடைக்கப் போயிருந்தார். சரிதா குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா முடிவு? சரிதா பேர எழுதிக்கவா?"

"எழுதிக்க. சின்னம்மைன்னு எழுதிக்க."

காத்தமுத்து சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அக்கா, அங்க பதினாறு, பதினெட்டு வயசுப் புள்ளைகதான். உனக்கு நாப்பத்திநாலு."

"முப்பத்தெட்டுன்னு எழுது. இங்க எல்லாரும் இல்லாததத்தான் எழுதறாங்க. செக்கிங்குக்கு கண்ணு பத்தாதுன்னா வேற என்னா வேல இருக்கு?"

"பிசிறு வெட்டலாம். தச்ச துணியில தொங்கற நூலக் கத்தரிக்கணும். நாள் முச்சூடும் குனிஞ்சே இருக்கணும்க்கா."

"இருவத்தஞ்சு வருசமா எப்பிடி இருக்கேன்னு நெனச்ச?"

சரிதா கரித்துணியோடு ஓடி வந்தாள். "அம்மா, நான் போறேன். நீங்க இருங்க. நான் தபால்ல படிச்சுக்கறேன்."

"தபால்ல படிச்சது செல்லாதுன்னு ஒருத்தன் சொல்லுவான். நீ காலேஜ்லயே போயி உக்காரு. அவனுங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி உக்காரு." சின்னம்மை காத்தமுத்து பக்கம் திரும்பினாள். "நாளைக்கு எத்தன மணிக்கு வேனு?"

அய்யாவு விஷயம் தெரிந்து வந்தபோது அவள் துணியை மடித்து மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"நான் தனியா இங்க என்னா செய்வேன்?"

"காம்பராவப் பாத்துக்கங்க. சர்வீஸ் காசு வந்தா வாங்குங்க. அரிசிய ஊற வச்சு ஆக்குங்க, வெறகு கம்மியாப் புடிக்கும். சம்பலுக்கு மொளகா இடிச்சு வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்தது. உள்ளே பதினோரு பெண்கள், எல்லோரும் சரிதா வயதுக்குக் கீழே. சின்னம்மை பின் சீட்டில் மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அய்யாவு ஜன்னல் பக்கம் வந்து, "தலையில துணியக் கட்டிக்க, காத்து அடிக்கும்" என்றார். அடுத்த புதன்கிழமை அவரே சரிதாவைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தனியாகத் திரும்பிவந்து கதவைத் திறந்தார்.

---

சரிதா சேர்ந்த வகுப்பில் அறுபது பேர். எல்லோருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. முதல் நாளே சில பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பாடம் எல்லாம் அவள் முடித்ததுதான். லெக்சரர் கேள்வி கேட்டால் பதில் தெரியும், ஆனால் கை தூக்கமாட்டாள். தூக்கினால், முன்னாலேயே எங்கே படித்தாய் என்ற கேள்வி வரும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் திருப்பூர் போனாள். சின்னம்மை தங்கியிருந்தது ஒரு நீளமான ஷெட். தரையில் பாய்கள் வரிசையாகச் சுருட்டிக் கிடந்தன. பாதி நாள் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. வலது கை கட்டைவிரலில் கத்தரிக்கோல் வளையம் அழுத்திய இடம் கறுத்துக் கன்றியிருந்தது.

"சாப்புட்டியா?" என்றாள்.

"நீங்க?"

"ஒனக்காக வாங்கி வச்சிருக்கேன்." பொட்டலத்தில் நாலு இட்லி இருந்தது. அதைச் சரிதா பக்கம் தள்ளிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள். "பாடம் கஷ்டமா இருக்கா?"

"இல்லம்மா. எல்லாம் படிச்சதுதானே."

"எனக்கு எல்லாம் புதுசு" என்றாள் சின்னம்மை. "ஒரு சின்னப் புள்ள சொல்லிக்குடுக்குது. நூலுக்குப் பதிலா துணிய வெட்டிப்புட்டேன், ரெண்டு தடவ. அது திட்டல. அக்கா, மெதுவான்னுச்சு. கொழுந்தெடுக்கறப்ப பாரு, இப்பிடி..."

விரலை மடக்கிக் காட்ட வந்தவள், பேச்சின் நடுவில் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடக்கிய விரல்கள் மடியில் அப்படியே இருந்தன.

சரிதா இட்லியைச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் முடியிலிருந்த பஞ்சை, அவள் விழிக்காதபடி ஒவ்வொன்றாக எடுத்தாள். ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் ஹாஸ்டல் சாத்துவதற்குள் போகமுடியும். ஐந்தாயிற்று. அந்தப் பஸ் போகட்டும், எழுப்ப வேண்டாம் என்று இருந்தாள். பிறகு அடுத்த பஸ்ஸையும் விட்டாள்.